முத்துலிங்கத்தாரின் ஊமைப்படம்

"மோனை, கிழங்கு அவிச்சு வைச்சிருக்கிறன். திண்டிட்டுப் போ" என்கிறாள் அமெரிக்கத் தாய். படமோ ஊமைப்படம். அவளுக்காகக் கதைப்பது, தொலைக்காட்சிப் பெட்டிக்குப் பக்கத்தில் சாரத்தை மடித்துக் கட்டிக்கொண்டு நிற்கும் முத்துலிங்கத்தார். அவள் அழுதால் துவாயால் தன் முகத்தைத் துடைப்பார்.

புதுக்குடியிருப்பில் சாமத்தியவீடு, கலியாணவீடுகளுக்குப் பெட்டியும் டெக்கும் ஜெனரேற்றரும் வாடகைக்கு விடுபவர். ஞாயிறு பின்னேரம் தன் கொட்டிலிலேயே படம் போடுவார். எந்த மொழிப் படத்துக்கும் தமிழில் கதை சொல்வார். ஆங்கிலம் தெரியுமா என்று கேட்டால், "யெஸ்ஸும் நோவும் தெரியும். ரெண்டையும் மாறித்தான் சொல்லுவன்" என்பார். ஊமைப்படமென்றால் கொண்டாட்டம், குறுக்கே ஒருவரும் கதைக்கமாட்டார்களாம்.

இந்த அமெரிக்கப் படத்தின் சீடியை அவருக்குக் கொடுத்த மேதை நான்தான். ரியூசனில் ஆங்கிலம் படிப்பிக்கிறேன். சஞ்சிகைக்கு உலக சினிமாக் கட்டுரையும் எழுதுகிறேன். அவற்றை முழுதாக வாசித்தவர் அச்சுக்கோத்தவர் மட்டுமே. அவருக்கும் வேறு வழியில்லை.

படத்தில் தப்பியது முதல் துண்டுதான்: மகன் கப்பலேறுகிறான், தாய் துறையில் நிற்கிறாள். அத்தோடு சரி. சனம் "வெட்டிப்போட்டாங்களாக்கும்" என்று எழும்பிவிடும். வன்னியில் தணிக்கைக் கத்தரி படாத படம் ஏது? முத்துலிங்கத்தார் விடமாட்டார். வெட்டின இடத்தில் பெடியன் வந்திட்டான் என்று சொல்லி, தாயையும் மகனையும் சோறு தின்ன இருத்திவிட்டுத்தான் ஜெனரேற்றரை நிற்பாட்டுவார்.

அதைக் கேட்கவே அன்னபாக்கியம் அக்கா ஞாயிறு தவறாமல் முன்வாங்கில் வந்து இருப்பார். அவரது மகன் மாசியில் முல்லைத்தீவிலிருந்து கடலுக்குப் போனவன். படகும் வரவில்லை, ஆளும் வரவில்லை.

எனக்கு வாய் சும்மா இருக்குமா? போன ஞாயிறு எழும்பி நின்று விளக்கம் கொடுத்தேன்: இது கத்தரியின் வேலையல்ல, மிச்சச் சுருள்கள் அந்தக் காலத்திலேயே அழிந்துவிட்டன, மகன் வந்தானா என்பது இன்று உயிரோடுள்ள எவருக்கும் தெரியாது. சொல்லி முடித்த பிறகுதான் முன்வாங்கைப் பார்த்தேன். என் நாக்கில் இடி விழ.

அக்கா என் பக்கம் திரும்பி ஆறுதலாகக் கேட்டார்:

"அப்ப மாஸ்டர், வரேல்லை எண்டும் ஒருத்தருக்கும் தெரியாது, என்ன?"

"ஓம் அக்கா" என்றேன். இத்தனை வருட வாத்தியார் வேலையில் உருப்படியாகச் சொன்ன விடை அது ஒன்றுதான்.

ஜெனரேற்றர் இருமத் தொடங்கியிருந்தது. ஆமி கண்டி வீதியைப் பூட்டிய நாளிலிருந்து மண்ணெண்ணெய் இங்கே தங்கம். மோட்டார் சைக்கிளும் அதில்தான் ஓடுகிறது. முத்துலிங்கத்தார் வாசலில் நின்ற தன் மோட்டார் சைக்கிளின் எண்ணெய்க் குழாயைக் கழற்றி, கடைசிச் சொட்டுவரை போத்தலில் வடித்து, ஜெனரேற்றருக்குள் ஊற்றிவிட்டு, படத்தை மறுபடியும் முதலிலிருந்து போட்டார்.