விடைத்தாளில் போட்ட சிலுவைக் குறி

போன வருஷம் ஏப்ரல் மாதம் ஒரு செவ்வாய்க்கிழமை காலை, திண்டுக்கல்லில் ஒரு பெண்கள் விடுதிப் பள்ளிக்கூட வாசலில் நின்று அழுதேன். ஒன்பதாம் வகுப்பில் சேர்வதற்கு வைத்த இங்கிலீஷ் நுழைவுத் தேர்வின் முடிவை அன்றைக்குத்தான் பலகையில் ஒட்டியிருந்தார்கள். தேறிய பிள்ளைகளின் நம்பர் எல்லாம் பெரிய தாளில் இருந்தது. பக்கத்தில் ஒரு சின்னத் தாள். அதில் ஏழே ஏழு நம்பர். மேலே ‘திருத்தப்படாதவை’ என்று எழுதியிருந்தது. என் தங்கை மகள் ரூபியின் நம்பர் அந்த ஏழில் ஒன்று. அதற்குக் காரணம் அவள் இல்லை. நான்.

நம் சபைப் பத்திரிகையை வாசிக்கிற உங்கள் எல்லாருக்கும் ஆண்டவர் நாமத்தில் வணக்கம். நான் ஐந்தாம் வகுப்போடு நின்றவள். சாட்சி சொல்லச் சொல்லிப் பாஸ்டர் ஐயா எத்தனையோ தடவை கூப்பிட்டும் எழுந்ததில்லை. நாலு பேர் திரும்பிப் பார்த்தால் எனக்குப் பேச்சு வராது. அதனால் எழுதித் தருகிறேன். குற்றம் குறை இருந்தால் பொறுத்துக்கொள்ளுங்கள்.

எனக்குக் கல்யாணம் ஆகவில்லை. நாகல் நகரில் ஒற்றை அறை வீட்டில் இருக்கிறேன். கடைக்காரர்கள் தரும் சின்ன வெங்காயத்தில் காய்ந்த தண்டை அறுத்துக் கொடுப்பது என் வேலை. என் தங்கை எஸ்தர் எனக்கு ரொம்ப இளையவள். வேடசந்தூர்ப் பக்கம் நூல் மில்லில் வேலை பார்க்கிறாள். அவளுடைய மகள் ரூபி, எங்கள் தெருவுக்குப் பக்கத்தில் உள்ள பள்ளியில் படிப்பதற்காக என்னோடு இருந்தாள். அந்தப் பள்ளியில் எட்டாம் வகுப்பு வரைக்கும்தான் உண்டு.

அந்த வருஷம் பொங்கல் கழிந்து தங்கை வீட்டுக்காரர் மொபெட்டில் இருந்து விழுந்து இடுப்பு எலும்பு முறிந்து படுத்துவிட்டார். எழுந்து நடக்க வருஷம் ஆகும் என்று சொல்லிவிட்டார்கள். எஸ்தர் ஒரு ஞாயிற்றுக்கிழமை வந்து என்னிடம் நேராகவே சொன்னாள்.

“அக்கா, நான் ஷிப்டுக்குப் போயிட்டா அவருக்குத் தண்ணி மோந்து குடுக்கக்கூட ஆள் இல்ல. ரூபிய எட்டோட நிப்பாட்டிக் கூட்டிட்டுப் போயிரலாம்னு இருக்கேன்.”

“புள்ள நல்லாப் படிக்குதேத்தா.”

“படிக்குது, யாரு இல்லேங்குறா? அந்த விடுதிப் பள்ளிக்கூடத்துல சீட்டு கெடைச்சாச் சொல்லு. சோறும் படிப்பும் அங்கேயே ஆயிரும். அப்ப அவர எப்படியாச்சும் பாத்துக்குவேன், சத்தியமா அவளை நிப்பாட்ட மாட்டேன். கெடைக்கலேன்னா நீ என்னையத் தடுக்கக் கூடாது.”

நான் சரி என்று தலையாட்டினேன். வேறு என்ன சொல்ல? சீட்டு கிடைக்க வேண்டுமானால் இங்கிலீஷ் தேர்வில் தேற வேண்டும். ஒரு பத்தியை வாசித்துக் கேள்விக்குப் பதில் எழுத வேண்டும், ஒரு கடிதம் எழுத வேண்டும், கொடுக்கிற தலைப்பில் ஒரு பக்கம் எழுத வேண்டும். ரூபியின் வகுப்பு டீச்சர் பழைய கேள்வித்தாள்களை ஜெராக்ஸ் எடுத்துக் கொடுத்தார்கள். தேர்வுக்கு இரண்டு மாதம் இருந்தது.

தினமும் சாயங்காலம் நான் வெங்காயம் அறுப்பேன். அவள் எதிரே சுவரில் சாய்ந்து உட்கார்ந்து எழுதுவாள். எனக்கு இங்கிலீஷில் பெரிய எழுத்து மட்டும் தெரியும், அதுவும் பஸ் போர்டு பார்த்துக் கற்றது. ஆனாலும் அவள் வாசித்து முடித்ததும் கதை கேட்பேன். அது எனக்கு ஆசை.

ஒரு நாள், தபால் ஆபீஸ் வாசலில் காத்துக் கிடக்கிற நாயைப் பற்றி ஒரு பத்தி வந்தது.

“அந்த நாய் யாரு நாய்டி?” என்று கேட்டேன்.

“தெரியல பெரியம்மா. கேள்வியில அது வரல.”

“கேள்வியில வராட்டி? அது பாட்டுக்குக் காத்துக் கெடக்குது, யாருக்குன்னு தெரிய வேணாமா?”

“உனக்கு வெங்காயத்த விட நாய்தான் முக்கியமாப் போச்சு” என்று சடைத்துக்கொண்டு திரும்ப வாசித்தாள். மூன்று தடவை வாசித்தபிறகு, செத்துப்போன தபால்காரருடைய நாய் என்று கண்டுபிடித்துச் சொன்னாள். அன்றைக்கு எங்கள் இரண்டு பேருக்கும் கண்ணில் தண்ணீர். வெங்காயத்தின் மேல் பழி போட்டுவிட்டோம். அதற்குப் பிறகு அவள் அவசரப்படாமல் வாசிக்க ஆரம்பித்தாள். டீச்சரும் நல்ல முன்னேற்றம் என்றார்கள்.

இப்போது என் தப்பைச் சொல்கிறேன்.

எங்கள் வீட்டில் கடிதமோ மளிகைச் சீட்டோ எது எழுதினாலும் தாளின் உச்சியில் ஒரு சிலுவை போட்டுத்தான் ஆரம்பிப்போம். எங்கள் அப்பா பழக்கிய பழக்கம். ரூபியையும் அப்படியே பழக்கினேன். பழகுவதற்கு எழுதும் தாளில்கூட குறி இல்லையென்றால் திருப்பிக் கொடுத்துவிடுவேன். “அவரு குறி இல்லாம எழுதுனா அவரு எப்படிடி கூட இருப்பாரு?” என்று கேட்பேன். தேர்வு அன்று காலையிலும் வாசலில் நின்று அவள் காதில் அதைத்தான் சொல்லி அனுப்பினேன்.

அந்தச் செவ்வாய்க்கிழமை, ஆபீஸ் ஜன்னலில் இருந்த கிளார்க்கிடம் ரூபியே போய்க் கேட்டாள். நான் அவள் பின்னால் நின்றேன். அவர் காகிதத்தைப் பார்த்துவிட்டுச் சொன்னார்.

“விடைத்தாள்ல அடையாளம் போட்டிருக்கம்மா. பேரோ, குறியோ, எதுவும் போடக் கூடாதுன்னு மொதப் பக்கத்துலயே அச்சடிச்சிருக்கு. அப்படிப் போட்டா திருத்த மாட்டாங்க. அடுத்த வருசம் பாத்துக்கங்க.”

வெளியே வந்து ரூபியிடம் கேட்டேன், “மொதப் பக்கத்துல இருந்தத நீ வாசிக்கலையா?”

அவள் தலையைக் குனிந்துகொண்டாள். “வாசிச்சேன் பெரியம்மா. அர்த்தமும் புரிஞ்சுச்சு. ஆனா குறி போடலேன்னா அவரு கூட இருக்க மாட்டாருன்னு நீ சொன்னேல்ல. எனக்குப் பயமா இருந்துச்சு. அதான் சின்னதாப் போட்டேன்.”

பக்தி என்று நினைத்து நான் பிள்ளைக்குப் பயத்தைக் கொடுத்திருக்கிறேன். அவள் ஒரு வார்த்தை என்னைக் குறை சொல்லவில்லை. “அடுத்த வாரம் அம்மாகூடப் போயிருறேன்” என்று மட்டும் சொன்னாள். அதுதான் எனக்கு இன்னும் தாங்கவில்லை.

வீட்டுக்கு வந்து கதவைச் சாத்திவிட்டு முழங்காலில் நின்றேன். எப்போதும் சொல்கிற ஜெபம் எதுவும் வரவில்லை. ‘ஆண்டவரே, உம்முடைய பேரைச் சொல்லித்தான் இந்தத் தப்பைப் பண்ணினேன். பிள்ளை மேல் இது விழ வேண்டாம். எனக்கு யாரையும் தெரியாது. எனக்காகப் பேச யாரையாவது அனுப்பும்’ என்று கேட்டேன். அன்று பகல் முழுக்க இதையே கேட்டேன். யார் வருவார்கள் என்று மனதுக்குள் ஆள் தேடினேன். பாஸ்டர் ஐயா மகள் வீட்டுக்கு வெளியூர் போயிருந்தார். டீச்சரின் போன் அணைந்து இருந்தது. சாயங்காலம் ஆகியும் யாரும் வரவில்லை.

புதன்கிழமை விடிந்ததும் மனதில் ஒன்று பட்டது. சத்தம் எதுவும் கேட்கவில்லை, தரிசனமும் இல்லை. இதில் நான் எதையும் கூட்டிச் சொல்லவில்லை. நீயே போ என்று மட்டும் தோன்றியது. அந்த நினைப்பு அதற்கு முன்பும் இரண்டு தடவை வந்ததுதான். வெட்கப்பட்டுத் தள்ளியிருந்தேன். அன்றைக்குத் தள்ள முடியவில்லை. சேலை மாற்றிக்கொண்டு ரூபியைக் கூட்டிக்கொண்டு கிளம்பிவிட்டேன்.

பள்ளியில் தலைமையாசிரியை அறைக்கு வெளியே ஒரு பெஞ்சு. அதில் ஏற்கெனவே இரண்டு பேர் உட்கார்ந்திருந்தார்கள். ஒருவர் பேகம்பூரில் செருப்புக் கடை வைத்திருக்கிற பாய். இன்னொருத்தி நிலக்கோட்டைப் பக்கம் பூந்தோட்டம் வைத்திருக்கிற பெண், மடியில் பூக்கூடையோடு வந்திருந்தாள்.

“உங்க புள்ள என்னத்தப் போட்டுச்சு?” என்று அந்தப் பெண் என்னைக் கேட்டாள்.

“சிலுவை.”

“எம் மக பிள்ளையார் சுழி போட்டு வச்சிருக்கா. நாந்தேன் போடச் சொன்னேன்.”

பாய் தாடியைத் தடவிக்கொண்டு சொன்னார், “எங்க வீட்டுல எழுநூத்தி எம்பத்தாறு, பிஸ்மில்லாவுக்குப் பதிலா எழுதுற நம்பர். கணக்குப் பரீட்சையில போட்டிருந்தாலாவது மார்க்குக் குடுத்திருப்பாங்க.”

மூன்று பேரும் சிரித்துவிட்டோம். எனக்குச் சிரிப்பு வந்தது எனக்கே ஆச்சரியம். அவரவர் சாமியைக் கும்பிடச் சொல்லி அவரவர் பிள்ளையை மாட்டிவிட்டிருந்தோம்.

“பாய், நீங்க ஆம்பள. நீங்க பேசுங்க” என்றாள் பூக்காரப் பெண்.

“நா நேத்தே பேசிட்டேன் தங்கச்சி. கோவத்துல சத்தம் போட்டுட்டேன். என்னையப் பாத்தாலே அவங்க கதவச் சாத்துவாங்க. பெரியம்மா, வயசுல மூத்தவக நீங்கதேன். நீங்க சொல்லுங்க.”

யாரையாவது அனுப்பும் என்று நான் கேட்டிருந்தேன். இவர்கள் என்னைக் கை காட்டுகிறார்கள். சொல்ல எனக்கு ஒன்றுமே தெரியாது. அதற்குள் உள்ளே கூப்பிட்டுவிட்டார்கள்.

தலைமையாசிரியை அம்மா கோபக்காரர் இல்லை. உட்காரச் சொன்னார். நான் நின்றேன். மேசை மேல் இருந்த பேனா ஸ்டாண்டைப் பார்த்துக்கொண்டே பேசினேன்.

“அம்மா, சிலுவையப் போட்டது புள்ளதான். ஆனா போட வச்சது நான். போடாட்டி சாமி கூட வராதுன்னு பயங்காட்டி வச்சுட்டேன். அதுக்கு வாசிக்கத் தெரியும், நீங்க அச்சடிச்சதும் புரிஞ்சிருக்கு. எம் பேச்சுக்காகத்தான் போட்டுச்சு.”

அவர் மெதுவாகச் சொன்னார், “அந்த விதி எதுக்குத் தெரியுமாம்மா? திருத்துறவங்களுக்கு இது யார் வீட்டுப் பிள்ளைன்னு தெரியக் கூடாது. தெரிஞ்சா மனசு சாயும். உங்க பிள்ளைக்காக அதை நான் மாத்துனா மத்தப் பிள்ளைங்களுக்கு என்ன பதில் சொல்லுவேன்?”

“மாத்த வேணாம்மா. நல்ல விதிதான். அந்தத் தாளத் திருத்தச் சொல்லியும் கேக்கல. குறி இல்லாத தாள் ஒண்ணு குடுங்க, வேற கேள்வி வச்சுக் கேளுங்க. எங்க புள்ளைக்கு மட்டும் இல்ல, ஏழு பேருக்கும். தேறலேன்னா நாங்க வந்து நிக்க மாட்டோம்.”

இவ்வளவு நான் பேசியது என் ஆயுசில் அன்றுதான். வார்த்தை எங்கிருந்து வந்தது என்று இன்றைக்கும் எனக்குத் தெரியாது. நம்மோடு இருக்கிறவருக்குத் தெரியும்.

அந்த அம்மா ஏழு பிள்ளைகளின் நம்பரையும் ஒரு தாளில் குறித்துக்கொண்டார். நிர்வாகத்தில் கேட்டுச் சொல்வதாகச் சொல்லி அனுப்பினார். வெள்ளிக்கிழமை மத்தியானம் போன் வந்தது. ஏழு பிள்ளைகளும் அடுத்த புதன்கிழமை புதுக் கேள்வித்தாளில் எழுதலாம் என்றார்கள். வெங்காயத்தை அப்படியே போட்டுவிட்டு ஸ்தோத்திரம் சொன்னேன்.

மிச்சம் இருந்த நாட்களில் ரூபி மூன்று பழைய தாள்களை எழுதிப் பார்த்தாள். மூன்றிலும் பேனா தானாக உச்சிக்குப் போய் நின்றது. கையை இழுத்துக்கொண்டாள். எனக்கும் குறி இல்லாத தாளைப் பார்க்க என்னவோ போல்தான் இருந்தது.

புதன்கிழமை காலை பள்ளி வாசலில் ஏழு வீட்டு ஆட்களும் நின்றோம். பூக்காரப் பெண் தன் மகளின் நெற்றியில் திருநீறு வைத்தாள். பாய் தன் மகளின் தலையில் கை வைத்துத் துஆ ஓதினார். நான் ரூபியின் கையைப் பிடித்துக்கொண்டு கண்ணை மூடி ஜெபித்தேன். கண்ணைத் திறந்தபோது அவள் என்னையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

“பெரியம்மா, குறி இல்லாட்டி எந்தத் தாள் என்னோடதுன்னு அவருக்குத் தெரியுமா?”

“திருத்துறவங்களுக்குத்தான்டி தெரியக் கூடாது. உன்னையப் படைச்சவருக்கு உன் கையெழுத்து தெரியாமப் போயிருமா? நான் முன்னாடி சொன்னது தப்பு. நீ பயப்படாம எழுது.”

அவள் சிரித்துக்கொண்டே உள்ளே போனாள். முதல் தடவை போனபோது அவள் முகத்தில் அந்தச் சிரிப்பு இல்லை. அதைப் பார்த்ததும், முடிவு எப்படி வந்தாலும் ஆண்டவர் என் ஜெபத்தைக் கேட்டுவிட்டார் என்று மனது அடங்கிவிட்டது.

அடுத்த திங்கட்கிழமை முடிவு வந்தது. ஏழு பேரில் ஐந்து பேர் தேறினார்கள். ரூபி தேறினாள், பாய் மகளும் தேறினாள். பூக்காரப் பெண்ணின் மகள் தேறவில்லை. இதையும் எழுதத்தான் வேண்டும். அன்றைக்கு அந்தப் பெண் என் கையைப் பிடித்துக்கொண்டு, “எழுத விட்டாகல்ல, அது போதும்மா, அடுத்த வருசம் பாத்துக்கிருவோம்” என்றாள். அவள் மகளுக்காகத் தினமும் ஜெபிக்கிறேன். அந்தப் பிள்ளை இந்த வருஷம் எழுதப் பழகுவதற்கு ரூபி தன்னுடைய பழைய தாள்களை எல்லாம் கொடுத்துவிட்டாள்.

எஸ்தர் சொன்ன சொல்லைக் காப்பாற்றினாள். ரூபி விடுதியில் இருந்து படிக்கிறாள். தங்கை ஷிப்டுக்குப் போகிற நாட்களில் நான் தனியாகப் பஸ் ஏறி வேடசந்தூர் போய் அவள் வீட்டுக்காரருக்குக் கஞ்சி வைத்துக் கொடுத்துவிட்டு வருகிறேன். அவர் இப்போது கம்பை ஊன்றி வாசல் வரைக்கும் நடக்கிறார். உதவிக்கு ஆளை அனுப்பும் என்று இப்போதும் ஜெபிக்கிறேன். அப்படிக் கேட்கும்போதே செருப்பையும் எடுத்து வாசலில் வைத்துக்கொள்கிறேன்.

குறி போடுகிற பழக்கத்தை நான் விட்டுவிடவில்லை. இந்தக் கடிதத்தின் உச்சியிலும் போட்டிருக்கிறேன். ஆனால் அது என் அன்புக்கு. அவரைக் கட்டி வைப்பதற்கு இல்லை.

பிரியமானவர்களே, உங்களிலும் பிள்ளைகளைப் பரீட்சைக்கு அனுப்பிவிட்டு வாசலில் நிற்கிறவர்கள் இருப்பீர்கள். பிள்ளை கையில் பயத்தைக் கொடுத்து அனுப்பாதீர்கள். நாம் நுழைய முடியாத அந்த அறைக்குள் அவர் ஏற்கெனவே போய் உட்கார்ந்திருக்கிறார். அதை நம்பி, வெளியே நிழலில் நிம்மதியாக நில்லுங்கள்.

இப்படிக்கு,
நாகல் நகரில் இருந்து ஒரு சகோதரி