இரண்டு ரூபாய்த் தட்டு

எங்கள் வீட்டில் சில்லறை பிரிக்க ஒரு தட்டு இருக்கிறது. தட்டு என்று சொல்கிறேனே தவிர, அது நாலு தட்டுகளை ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கிய பிளாஸ்டிக் சாமான். இட்லிப் பானைக்குள் தட்டு அடுக்குவோமே, அந்த மாதிரி. ஒவ்வொரு தட்டிலும் வட்ட வட்டமாக ஓட்டை. மேல் தட்டில் ஓட்டை பெரிசு, கீழே போகப் போகச் சிறிசு. காசை மேலே கொட்டி, மாவு சலிப்பதுபோல் ஆட்டினால் பத்து ரூபாய் மேல் தட்டிலேயே நின்றுவிடும். இரண்டு ரூபாய் அடுத்ததில் நிற்கும், ஐந்து அதற்கும் கீழே. ஒரு ரூபாய் கடைசித் தட்டில் போய் விழும். கரண்டு வேண்டாம், பேட்டரி வேண்டாம், கைவலி மட்டும் இலவசம்.

கோயம்புத்தூரில் கட்டிக்கொடுத்த எங்கள் ஒரே மகள் ஆன்லைனில் வாங்கி அனுப்பினாள். பாம்பனில் எங்களுக்கு டீக்கடை. பாலத்தைப் பார்க்க வண்டியை நிறுத்துகிறவர்களும் கடலுக்குப் போய்த் திரும்புகிறவர்களும் கொடுக்கிற சில்லறையை என் வீட்டுக்காரர் மத்தியானம் தரையில் கொட்டிக்கொண்டு சம்மணம் போட்டு உட்காருவார். அப்புறம் எழுந்திருக்க என் தோள் வேண்டும். "அய்யாவுக்கு இனி இடுப்பு வலிக்காதும்மா" என்றாள் மகள். எனக்கு வந்ததே கோபம்! அந்தப் பணத்துக்கு நல்ல குக்கர் மூடி வாங்கியிருக்கலாம். ஆனால் மனிதர் அதைக் கையில் வாங்கிய பிறகு யார் பேச்சைக் கேட்டார்? டீ குடிக்க வந்தவர்களையெல்லாம் வீட்டுக்குள் கூப்பிட்டு ஆட்டிக் காட்டினார். கடையில் பால் பொங்கி வழிந்தது, இங்கே ஜல்ஜல் என்று சத்தம்.

அதில் ஒரு கோளாறு உண்டு. பழைய ஒரு ரூபாய்க் காசு இப்போது வருகிறதைவிடப் பெரிசு. அது கடைசித் தட்டுக்கு இறங்காது, இரண்டு ரூபாய்த் தட்டிலேயே நின்றுவிடும். முதல் நாளே நான் அதைக் கண்டுபிடித்து, "இந்தா, ஒங்க மக அனுப்பின அதிசயம், ஒத்த ரூவாயையும் ரெண்டு ரூவாயையும் ஒண்ணாப் போட்டு வச்சுருக்கு" என்று காட்டினேன்.

அவர் அசரவில்லை. "மெசினுக்கு எழுதப் படிக்கத் தெரியுமா புள்ள? ஆளோட உருவத்தப் பாத்து மரியாதை குடுக்குது. கெடந்துட்டுப் போகுது" என்றார்.

எங்கள் ஊரில் காசு சீக்கிரம் கறுத்துவிடும். உப்புக் காற்று சும்மா விடாது. மீன்காரர்கள் கொடுக்கிற காசில் செதில் வேறு ஒட்டிக்கொண்டிருக்கும். அதனால் வெள்ளிக்கிழமைகளில் ஒரு வாளியில் புளியைக் கரைத்து, மொத்தக் காசையும் ஊறப் போட்டுத் தேய்த்து, கழுவி, துண்டில் காயவைத்து, பிறகுதான் தட்டில் போடுவார். பிரித்த காசைத் தனித்தனி டப்பாவில் போட்டு மூடுவார். எதற்குச் சேர்க்கிறீர்கள் என்று கேட்டால் "சும்மாதான்" என்பார். சும்மா சேர்க்கிற மனிதர் ஒரு டீத்தூள் பாக்கெட்டுக்குக்கூட அதில் கைவைக்க விடாதது ஏன் என்று நானும் கேட்டதில்லை. பழைய மோட்டார் சைக்கிள் மேல் அவருக்கு ஒரு கண் என்று நானே முடிவு கட்டிக்கொண்டேன்.

அப்போதுதான் ஒருநாள் மகள் போன் செய்தாள். மாசமாக இருக்கிறாளாம். சந்தோஷமாகச் சொல்லவில்லை, அழுதுகொண்டே சொன்னாள். அதற்கு முன் இரண்டு தடவை தங்காமல் போயிருந்தது. இந்தத் தடவையும் லேசாக உதிரம் பட்டிருக்கிறது, டாக்டரம்மா படுக்கையைவிட்டு எழக் கூடாது என்று சொல்லிவிட்டார். "அய்யாகிட்ட இப்பச் சொல்லாதம்மா" என்றாள்.

சொல்வேனா? மூன்று மாதம் முடியும்வரை வெளியே மூச்சுவிடக் கூடாது என்பது எங்கள் பக்கத்து வழக்கம். இவரோ ஓட்டை வாய். இவரிடம் ஒன்றைச் சொல்வதும் பாலத்துக்கு அந்தப்பக்கம் மண்டபம் ஊர்வரை மைக் கட்டிச் சொல்வதும் ஒன்று. போன் வந்தபோது அவர் கடையில் இருந்தார். அவருடைய சில்லறை டப்பாக்களில் எது கைக்குக் கிடைத்ததோ அதற்குள் கையைவிட்டு ஒரு ரூபாய் ஒன்றை எடுத்து, மஞ்சள் துணியில் முடிந்து, சாமி படத்துக்கு முன்னால் வைத்தேன். நான் பிறந்தது நயினார்கோவில் பக்கம். எங்கள் வீடுகளில் எந்தப் பயம் வந்தாலும் முதலில் இதைத்தான் செய்வோம். காரியம் நல்லபடியாக நடந்ததும் அதைக் கொண்டுபோய் நாகநாதர் கோயில் உண்டியலில் சேர்ப்போம். அதுவரை அது சாமி காசு. வேறு காசோடு அது கலக்கக் கூடாது. 'நாகநாதா, இந்த உசுரையாவது நிறுத்திக் கொடு' என்று வேண்டிக்கொண்டு, ஒன்றுமே நடக்காதது மாதிரி உலை வைத்தேன்.

அதற்குப் பிறகு காலையில் எழுந்ததும் என் கண் முதலில் அந்த மஞ்சள் முடிச்சின் மேல்தான் போகும். அது இருக்கிறது, பிள்ளையும் இருக்கிறது. அப்படித்தான் நாட்களைத் தள்ளினேன். முடிச்சு எதற்கு என்று கேட்ட இவரிடம், என் முட்டிவலிக்கு என்று சொல்லிவைத்தேன்.

ஒரு வெள்ளிக்கிழமை சந்தைக்குப் போய்த் திரும்பி வருகிறேன். கொல்லைக் கொடியில் அவருடைய பனியனுக்குப் பக்கத்தில் மஞ்சள் துணி காற்றில் ஆடிக்கொண்டிருந்தது. கூடையை எங்கே வைத்தேன் என்று இன்றுவரை தெரியாது.

"இதுல இருந்த காசு எங்க?"

உள்ளே அவர் தட்டை ஆட்டிக்கொண்டிருந்தார். "வந்துட்டியா? வெளக்கெண்ணெ கொட்டி, துணியெல்லாம் ஒரே பிசுக்கு. சாமி காசு வேற கரிக்கட்டையாக் கெடந்துச்சு. அதையும் புளியில போட்டுப் பளபளன்னு ஆக்கிட்டு, துணி காஞ்சதும் திரும்ப முடிஞ்சு வச்சுரலாம்னு..." சொல்லிக்கொண்டே வந்தவர் நிறுத்தினார். தட்டைப் பார்த்தார், காலியாகக் கிடந்த துண்டைப் பார்த்தார். தனியாக எடுத்துவைக்க மறந்து மொத்தத்தையும் அள்ளித் தட்டில் போட்டிருக்கிறார். பழைய டப்பாக்களில் இருந்ததையும் சேர்த்துக் கழுவியிருக்கிறார்.

"ஒன் முட்டிவலிக்கு முடிஞ்சதுதான புள்ள? வேற ஒண்ணு முடிஞ்சுக்கலாம்" என்றார்.

"முட்டியாவது மண்ணாவது! ஒங்க மக மாசமா இருக்கா! அந்தப் புள்ள தங்கணும்னு முடிஞ்ச காசு அது!"

பாவி மனுஷன் முகத்தில் சிரிப்பு வந்தது, வந்த சிரிப்பு பாதியிலேயே கோணிக்கொண்டது. தாத்தா ஆகப்போகிற செய்தியும் தான் செய்துவைத்த காரியமும் ஒரே நிமிடத்தில் தலையில் இறங்கினால் எவர்தான் தாங்குவார்? புளிக் கையோடு முகத்தை மூடிக்கொண்டார். "எங்கிட்ட ஏன் சொல்லல?" என்று மட்டும் கேட்டார். நான் வாயில் வந்தபடி ஏசினேன். அவரை ஏசினேன், புளியை ஏசினேன், தட்டை ஏசினேன், அதை அனுப்பிய மகளையும் விடவில்லை.

கடைசித் தட்டின் காசை முந்தானையில் கொட்டித் தேடினேன். கறுப்போ மஞ்சளோ இருந்தால்தானே அடையாளம்? அத்தனையும் புதுப் பெண் மாதிரி மின்னிக்கொண்டு கிடந்தன. மஞ்சள் துணியை மறுபடி எடுத்து வேறு காசு முடிய எனக்கு மனம் வரவில்லை. சாமி காசைச் சில்லறையோடு கலந்துவிட்டு இன்னொன்று கொடுத்தால் அது எப்படிச் சரியாகும்? கோயம்புத்தூரில் அவள் மல்லாந்து படுத்துக் கிடப்பதே கண்ணுக்குள் நின்றது. போன் அடித்தால் எடுக்கவே பயந்தேன்.

சாயங்காலம் அவரே வந்து பக்கத்தில் உட்கார்ந்தார். "ஏ புள்ள, அந்தக் காசு நம்ம வீட்ட விட்டுப் போகலல்ல? இதுக்குள்ளதான கெடக்கு? ஒத்த ரூவா அம்புட்டையும் கொண்டு போய் உண்டியல்ல போட்ருவோம். நாகநாதன் அவன் காச அவன் எடுத்துக்குருவான்."

மறுநாள் கடையைப் பூட்டிவிட்டுக் கிளம்பினோம். ராமநாதபுரத்தில் இறங்கி நயினார்கோவில் பஸ் ஏறினோம். பை என்ன கனம்! கண்டக்டர் காலால் தள்ளிப் பார்த்துவிட்டு, "என்னத்தா, நங்கூரத்தக் கழட்டிக் கொண்டாந்துட்டியளா?" என்றார். மற்ற நாளாக இருந்தால் இவர் அதற்கு ஒரு பதில் வைத்திருப்பார். அன்று ஜன்னல் கம்பியைப் பிடித்துக்கொண்டு வெளியே பார்த்தபடி வந்தார்.

உண்டியலில் கைகையாக அள்ளிப் போட்டேன். ஒவ்வொரு கைக்கும் 'இதுல இருக்குமோ, இதுல இருக்குமோ' என்றே வாய் முணுமுணுத்தது. பை காலியானதும் அப்படியே தூணில் சாய்ந்தேன். அப்பாடா என்றிருந்தது.

"இரு" என்றார் அவர். தன் பையிலிருந்து இன்னொரு துணிப்பையை எடுத்தார்.

"இது எதுக்கு?"

"ரெண்டு ரூவாத் தட்டுல நின்னது. பழைய ஒத்த ரூவா அதுலதான நிக்கும்? நீ முடிஞ்சது பழசா, புதுசா?"

நான் பார்த்தா எடுத்தேன்? இருந்த பதற்றத்தில் ஒரு ரூபாய் என்று கண்டேன், முடிந்தேன், அவ்வளவுதான். அந்த மனிதர் நினைவுவைத்திருக்காவிட்டால் அத்தனை காசையும் கொட்டிவிட்டு, சாமி காசை மட்டும் வீட்டிலேயே விட்டுவிட்டு வந்திருப்பேன். அவசரமாகப் பைக்குள் கையை விட்டுப் பெரிய ஒரு ரூபாய்களைப் பொறுக்கத் தொடங்கினேன்.

பையை வாங்கிக்கொண்டார். "சாமிக்குப் பொறுக்கியா குடுப்பாக? போடு அம்புட்டையும்." போட்டோம், இரண்டு பேரும் சேர்ந்து.

வெளியே வந்து வேப்பமரத்தடியில் உட்கார்ந்த பிறகுதான் கேட்டேன். "எதுக்குங்க சேத்தீங்க இம்புட்டு நாளா?"

செருப்பிலிருந்த மண்ணைத் தட்டிக்கொண்டே சொன்னார்: "பேரப்புள்ளைக்கு வெள்ளி அரைஞாண் வாங்கலாம்னு. மொதத் தடவ கலஞ்சப்பவே ஆரம்பிச்சேன். வெளிய சொன்னா அவ மனசு நோகுமேன்னு சொல்லல."

ஊரெல்லாம் ஓட்டை வாய் என்று நான் சொல்லிக்கொண்டு திரிந்த மனிதர், இத்தனை வருஷம் இதை வாய்க்குள்ளேயே வைத்திருந்திருக்கிறார். அந்த மரத்தடியிலேயே, அத்தனை பேர் நடுவில் அவர் கையைப் பிடித்துக்கொண்டேன். எங்களுக்குக் கல்யாணம் ஆன நாளிலிருந்து நான் அப்படிச் செய்ததில்லை. "விடு புள்ள, ஆளுக பாக்குறாக" என்று வெட்கப்பட்டார்.

பேத்தி பிறந்தாள், குறை ஒன்றும் இல்லாமல். அன்று பாம்பனில் எங்கள் கடையில் டீ குடித்த ஒருவரும் காசு கொடுக்கவில்லை, இவர் வாங்கவில்லை. உண்டியலில் போடாமல் மிஞ்சியிருந்த ஐந்தும் பத்தும் பிரசவச் செலவுக்கே போய்விட்டதால், முப்பதாம் நாள் குழந்தையின் இடுப்பில் கறுப்புக் கயிறுதான் கட்டினோம். "அதுக்கென்ன, மறுபடி சேத்துட்டாப் போச்சு" என்று தட்டை எடுத்துத் துடைத்தார். ஆனால் அதற்குள் ஊரே போனைக் காட்டிப் பணம் அனுப்பப் பழகிவிட்டது. கடையிலும் ஒரு பெட்டி வந்து, பணம் வந்தது பணம் வந்தது என்று கத்தியது. "கத்துதே ஒழிய ஒத்தக் காசு துப்புதா பாரு" என்று அதைத் திட்டுவார். வெள்ளிக்கிழமைகளில் வாளி வேண்டியிருக்கவில்லை, ஒரு கிண்ணம் புளித்தண்ணீர் போதும் என்றாகிவிட்டது.

பேத்தி நடக்கத் தொடங்கிய வருஷம், பங்குனியில், அவர் போய்ச் சேர்ந்தார். இரண்டு நாள் நெஞ்சுவலி, அவ்வளவுதான். டப்பாக்களில் பாதிகூட நிறையவில்லை.

மிச்சத்தை நான் சேர்த்தேன். கடையை நான்தான் நடத்துகிறேன். கருவாடு விற்கிற பெண்களிடம் நோட்டைக் கொடுத்துச் சில்லறை வாங்குவேன். புளியில் போட்டுக் கழுவித் தட்டில் போட்டு ஆட்டுவேன். அந்த ஜல்ஜல் சத்தம் கேட்கும்போது அடுத்த அறையில் அவர் இருக்கிற மாதிரியே இருக்கும். ஒருநாள் "டீ ஆறுது, வாங்க" என்று கூப்பிட்டேவிட்டேன்.

போன மாதம் டப்பாக்களைத் தூக்கிக்கொண்டு ராமநாதபுரம் வெள்ளிக்கடைக்குப் போனேன். பேத்திக்கு நாலு வயதாகிறது, அரைஞாண் வயது தாண்டிவிட்டது. கொலுசு எடுத்தேன். கடைக்காரர் முகம் சுளித்தாலும் காசை வாங்கி எண்ணினார். இரண்டு ரூபாய் டப்பாவைத் தலைகீழாகக் கவிழ்த்தபோது அடியில் கிடந்தவை மேலே வந்தன. அடியில் கிடந்ததெல்லாம் அவர் போட்டவை.

"ஆத்தா, ரெண்டு ரூவாக்குள்ள ஒத்த ரூவா ஒண்ணு கலந்து கெடக்கு பாருங்க" என்று ஒரு பெரிய காசை எடுத்து நீட்டினார்.

"மெசினுக்குப் படிக்கத் தெரியாதுய்யா" என்றேன். சொன்னதும் சிரித்தேன், சிரித்துக்கொண்டே கடை நடுவில் நின்று அழுதேன். அந்தக் காசை வாங்கிக்கொண்டு, அதற்குப் பதில் இரண்டு ரூபாய் கொடுத்தேன்.

லீவுக்கு வந்த பேத்தி கொலுசைப் போட்டுக்கொண்டு வீடெல்லாம் ஓடினாள். இந்தச் சத்தத்தைக் கேட்க அவர் இல்லையே என்று நினைத்துக்கொண்டேன். அவளைக் கூப்பிட்டு அந்தக் காசைக் கொடுத்து, தட்டில் போட்டு ஆட்டச் சொன்னேன். ஆட்டினாள். அது ஒரு தட்டு இறங்கி, இரண்டாவதில் நின்றுகொண்டது.

"அம்மாச்சி, இது ரெண்டு ரூவாயா?"

"இல்லடி தங்கம், ஒத்த ரூவாதான். ஒங்க தாத்தா ஒனக்குப் போட்டது."

"அப்ப தப்பான எடத்துல நிக்குதே, எடுத்துரவா?" என்று கையைக் கொண்டுபோனாள்.

"எடுக்காத. அது அங்கனயே இருக்கட்டும்" என்றேன்.