நெறியா, அரையாப்பா

என் நாத்தனாரை நான் மன்னிக்கல. அவ செத்து எத்தனையோ வருஷமாச்சு, இன்னும் மன்னிக்கல. அதை முதல்லயே சொல்லிடறேன்.

அறுபதுகள்ல ஒரு மல்லாட்டை அறுவடை, வேர்க்கடலைக்கு எங்க பக்கம் அதான் பேரு. நான் கூட்டேரிப்பட்டுப் பக்கம் வாக்கப்பட்டு ரெண்டு வருஷம். செடி புடுங்கச்சொல்லோ உள்ளங்கால்ல கருவேலமுள் ஏறிச்சு. புடுங்கிப் போட்டேன். முனை உள்ளேயே ஒடைஞ்சு நின்னது தெரியல. மூணாம் நாள் அனலாக் காய்ச்சல், தொடையிடுக்குல எலுமிச்சங்காய் அளவு கட்டி.

கால்ல புண்ணு வந்தா நெறி கட்டும்னு பச்சப்புள்ளைக்குக்கூடத் தெரியும். நாத்தனாருக்குத் தெரியாதா? தெரியும். ஆனா அவ தம்பியைக் கூப்பிட்டு, "இது நெறி இல்லடா, அரையாப்பு"ன்னா. கெட்ட சகவாசத்துல வர்ற கட்டிக்கு அதான் பேரு. "சந்தைக்குப் போறேன் போறேன்னு போய்க்கினு இருந்தாளே, எவன்கிட்ட வாங்கிக்கினு வந்தாளோ!"

"முள்ளு குத்திச்சுங்க, காலைப் பாருங்க"ன்னு வீட்டுக்காரர்கிட்ட கெஞ்சினேன். குனிஞ்சு பார்த்தா கிரீடமா விழுந்துடும்? பார்க்கல. அன்னைக்கே பஸ்ல ஏத்தி, திண்டிவனத்துல எங்கம்மா வீட்டு வாசல்ல விட்டுட்டுப் போனார். வாழ்க்கை போச்சுன்னு அம்மா தலையில அடிச்சிக்கினாங்க.

ஆஸ்பத்திரி டாக்டரம்மா கட்டியைத் தொட்டதும் சொன்ன முதல் வார்த்தை, "காலைக் காட்டு." உள்ளங்காலைக் கீறினாங்க. சீழோட முள்முனை வெளிய வந்துச்சு.

"கிருமி நுழைஞ்சதும் ஒடம்பு தானே கண்டுக்கும்மா. சண்டைக்கு ஆள் அனுப்பும். அதுல செத்ததுங்கதான் இந்தச் சீழ். காய்ச்சலும் அது மூட்டுன அனல்தான். தப்பிச்சு மேல ஏறுனதை இங்க தொடையிடுக்குல மடக்கிப் புடிச்சு வச்சிருக்கு, அதான் நெறி. இல்லன்னா ரத்தத்துல கலந்து உசுரே போயிருக்கும்."

எனக்குக் காய்ச்சலோட கோபமும் ஏறிச்சு. படிப்பு வாசனையே இல்லாத என் ஒடம்பு எனக்காக மூணு நாள் சண்டை போட்டிருக்கு. தாலி கட்டினவர் ஒரு வார்த்தை பேசல.

பென்சிலின் ஊசி போட்டு, கட்டி வடிஞ்ச பிறகு, முள்ளு சேதி கேட்டு வந்தார். "அக்கா தெரியாம சொல்லிட்டாங்க. கிளம்பு"ன்னார். முந்தானையில முடிஞ்சு வச்சிருந்த முள்முனையை அவர் கையில வச்சேன்.

"இதை என் ஒடம்பு மூணே நாள்ல கண்டுபுடிச்சுது. உங்களைக் கண்டுபுடிக்க எனக்கு ரெண்டு வருஷம் ஆயிடுச்சுங்க. போய் வாங்க."

கதவைச் சாத்தினேன். அம்மா அழுதாங்க. நான் அழல.