சந்தனப் பொட்டு வைத்த குமிழ்

போன வாரம் ஒரகடத்தில் நண்பரின் மகள் வேலை பார்க்கும் ஆய்வகத்துக்குப் போயிருந்தேன். கணினித் திரையில் ஒளிர்வு டிடெக்டருக்கான அமைப்புகள் வரிசையாக நின்றன. "இதெல்லாம் நீயா முடிவு பண்றே?" என்றேன். "டிஃபால்ட்ல விட்டுடுவோம் அங்கிள். யாரும் தொடமாட்டோம்."

எனக்குக் குப்பென்று சந்தன வாசனை அடித்தது.

எண்பதுகளில் நான் சுங்குவார்சத்திரம் பக்கம் ஒரு மாட்டுத்தீவனத் தொழிற்சாலையில் கெமிஸ்ட். பட்டம் வாங்கியவன் என்பதால் எதையும் தொடாமல் மேற்பார்வை பார்ப்பேன். தீவனத்துக்கு வாங்கும் வேர்க்கடலையில் பூஞ்சை நஞ்சு இருந்தால் டிடெக்டருக்குள் அது ஒளிரும். ஒளிர்ந்தால் பேனா எழும்பித் தாளில் ஒரு மேடு வரையும். கடலையில் ஒளிரும் ஒவ்வொரு பொருளுக்கும் தாளில் தனித்தனி இடம். பேனா எவ்வளவு சுறுசுறுப்பாக எழும்ப வேண்டும் என்பதற்கு ஒரு குமிழ். வேகத்தில் வைத்தால் தும்மலுக்கெல்லாம் துள்ளும். நிதானத்தில் வைத்தால் கோடு வழவழவென்று வரும். கூடவே, பக்கத்துப் பக்கத்து மேடுகள் ஒன்றாகிவிடும்.

எங்கள் மேனேஜருக்கு வழவழப்புதான் பிடிக்கும். ஆயுதபூஜையன்று குமிழை நிதானத்தின் எல்லைக்கே திருப்பி, அசையாதபடி சந்தனம் அப்பிக் குங்குமமும் வைத்துவிட்டார். அதற்குப்பின் அது குமிழ் இல்லை, சந்நிதி.

ஒரு திங்கட்கிழமை பிள்ளைப்பாக்கம் முனுசாமி டிராக்டரில் கடலை மூட்டைகளோடு வந்தார். அந்த வருஷத்து விளைச்சல் முழுவதும் அதில்தான் இருந்தது. பேனா ஒரு கொழுத்த மேட்டை வரைந்தது. "நஞ்சா இருக்கலாம். மறுபடி ஓட்டுங்க" என்றார் மேனேஜர். நான்கு நாள் ஓட்டினோம், குமிழைத் தொடாமல். ஒரே தவறை நான்கு முறை செய்தால் அதற்கு உறுதிப்படுத்துதல் என்று பெயர்.

ரிசல்ட் வராமல் வண்டி வெளியே போகக் கூடாது என்பது கேட் சட்டம். முனுசாமி ஜன்னலில் வந்து நிற்பார். "இன்னா சார், பேனா இன்னாதான் சொல்லுது? வானம் வேற கறுத்துகினு கீது."

"சயின்ஸுங்க, அவசரப்படக் கூடாது" என்றேன். புதன்கிழமை மழை கொட்டியது. மூட்டைகள்மேல் போர்த்திய கித்தானில் ஓட்டைகள் இருந்தன. கடலைக்கு சயின்ஸ் தெரியாது, நனைந்தது.

டெக்னீஷியன் ஸ்டெல்லா திங்கட்கிழமையே சொல்லியிருந்தாள்: "ரெண்டு மேடு ஒட்டிக்கிச்சு சார். குமிழத் திருப்பினா பிரிஞ்சிடும்."

"சந்தனம் உதிருமே!" என்றேன்.

வெள்ளிக்கிழமை அவளுக்குப் பொறுமை போயிற்று. "நான் திருப்பறேன் சார். எங்க சாமிக்கு இந்த டிபார்ட்மெண்ட் இல்ல, கோச்சிக்காது." நகத்தால் சுரண்டினாள். சந்தனம் பொலபொலவென்று உதிர்ந்தது. மேனேஜர் சாப்பிடப் போயிருந்தார். நான் வீரமாக வாசலைக் காவல் காத்தேன்.

வண்டி வந்த அன்றே எடுத்து வைத்திருந்த கடலைத்தூளை மறுபடி ஓட்டினாள். கொழுத்த மேடு இரண்டாகப் பிரிந்தது. பெரியது கடலையிலேயே இருக்கும் சாதுவான பொருள். நஞ்சின் இடத்தில் இருந்தது ஒரு சின்னப் பிசிறு. பாஸ்!

மேனேஜர் விதியை மதிப்பவர். "மழையில நனைஞ்ச சரக்கு. இப்ப இருக்கறதுல சாம்பிள் எடுங்க." மூட்டையைப் பிரித்தால் பச்சையாகப் பூத்திருந்தது. பேனா எழும்பியது, நஞ்சின் இடத்தில், துல்லியமாக, கூராக, தாளின் உச்சிவரைக்கும்.

முனுசாமி அந்தத் தாளை ரொம்ப நேரம் பார்த்தார். "நல்லா இருந்தப்போ வரையத் தெரியல. கெட்டதும் எவ்ளோ அழகா வரையுது பாரு சார்."

அதற்கப்புறம் அவர் கடலை போடவில்லை. பேனாவும் போயிற்று, தாளும் போயிற்று. அவர் நிலத்தில் இப்போது கண்டெய்னர் லாரிகள் நிற்கின்றன. சந்தனத்தை மட்டும் கணினித் திரைக்குள் புதிதாகப் பூசியிருக்கிறார்கள். சுரண்டுவதற்குத்தான் ஸ்டெல்லாவின் நகம் இல்லை.