வயிற்றுப் பிள்ளைக்காக மறைத்த செய்தி

என் மனைவிக்குச் சந்தேகம் வந்தது பக்கத்து வீட்டு மீன்கறியால்தான். அந்த வீட்டு அக்காவுக்கும் இவளுக்கும் கோழியை வைத்து ஓயாத சண்டை. அவர்களுடைய கோழி எங்கள் கீரைப்பாத்தியைக் கிளறும், இவள் கல்லெடுப்பாள். அந்த அக்கா ஒரு காலையில் சட்டி நிறைய நெத்தோலிக் கறியோடு வந்து, "நல்லா தின்னணும் கேட்டியா மக்கா" என்று இவள் தலையைத் தடவிவிட்டுப் போனாள்.

"கோழிச் சண்டைக்காரி கறி கொண்டு வாறா. எனக்க வீட்டுல யாருக்கோ என்னமோ ஆயிருக்கு" என்றாள் மனைவி. அப்போது அவளுக்கு ஏழாம் மாதம்.

ஆகியிருந்தது உண்மைதான். எல்லைக்கு அந்தப் பக்கம், தமிழ்நாட்டு விளவங்கோட்டில் இருந்த அவளுடைய அப்பாவுக்கு நெஞ்சுவலி. திருவனந்தபுரத்தில் ஓர் ஆஸ்பத்திரியில் ஆப்பரேஷனுக்காகக் கிடந்தார். தினமும் காலையில் மகளைக் கூப்பிட்டுப் பேசுகிறவர். அவருடைய ஃபோன் கெட்டுவிட்டது என்று இவளிடம் சொல்லி வைத்திருந்தோம். யாரும் வாய் திறக்கக் கூடாது என்று எல்லோரையும் கட்டுப்படுத்தியவள் என் அம்மா.

அதற்குச் சில வாரங்களுக்கு முன் கர்ப்பிணிகளுக்கும் கணவர்களுக்குமாக ஒரு வகுப்பு நடந்தது. தாயின் மனம் நீண்ட காலம் பயத்திலோ துயரத்திலோ கிடந்தால் அது பிள்ளையின் மூளை வளர்ச்சியையும் தொடக்கூடும் என்று டாக்டர் அதில் சொன்னார். எங்கள் குடும்பத்தில் பள்ளிக்கூடம் போன முதல் ஆள் நான். எதைக் கற்றாலும் வீட்டில் வந்து ஒப்பிக்காமல் இருக்க முடியாது. ஒப்பித்தேன். மரச்சீனிக் கிழங்கைத் தோலுரித்துக்கொண்டிருந்த அம்மாவின் கை நின்றுவிட்டது.

"அப்போ உனக்கு பேச்சு பிந்தினது அதனாலயாக்கும்" என்றாள்.

மூன்று வயது தாண்டித்தான் நான் பேசினேன். நான் வயிற்றில் இருந்தபோது அம்மாவின் ஒரே அண்ணன் இறந்துபோனார். எனக்குத் தெரிந்தது அவ்வளவுதான்.

மீன்கறி வந்த அன்று மனைவி அதைத் தொடவில்லை. பல நாளாகவே அவளுக்குச் சரியான தூக்கமில்லை. சாமான் வாங்கப் போன நான் திரும்பி வந்தபோது, உடுத்து முடித்து, பையோடு வாசலில் நின்றாள்.

"எனக்க அப்பா செத்தாச்சு. அடக்கமும் கழிஞ்சாச்சு. நீங்க எல்லாரும் கூடி நடிக்கிறிய. நான் பஸ் ஏறப் போறேன்."

நான் அம்மாவைப் பார்த்தேன். இன்னொரு பொய் சொல்லுவாள் என்றுதான் நினைத்தேன். அவள் கையைக் கழுவிவிட்டு வந்து இவளைப் பிடித்து உட்கார வைத்தாள்.

"சாவேல மக்கா. நெஞ்சுவலி. ஆஸ்பத்திரியில கெடக்காரு. நாளைக்கு ஆப்பரேஷன். பேசுகாரு, கஞ்சி குடிக்காரு."

மனைவி வாய்விட்டு அழுதாள். "அம்மா, பிள்ளைக்கு…" என்று நான் தொடங்கினேன்.

"எலே, நீ சும்மா இரி. அவ கரையட்டு" என்றாள் அம்மா. அழுகிறவளின் முதுகைத் தடவிக்கொண்டே, என்னிடம் ஒருநாளும் சொல்லாததை அவளிடம் சொன்னாள்.

"எனக்கும் யாரும் சொல்லேல மக்கா. வயித்துப் பிள்ளைக்காரி, சொல்லாண்டாம்னு. அண்ணனுக்குப் பனச்சமூடு சந்தையில சுமட்டு வேலை. ஒரு நாளு நான் அங்க பஸ்சுக்கு நிக்கேன், சுவத்துல அண்ணனுக்க படம் ஒட்டியிருக்கு. எழுத்து தெரியாதே எனக்கு. எலெக்சனுக்கு நிக்கியாரோன்னு சிரிச்சேன். பக்கத்துல நின்ன பிள்ளைகிட்ட வாசிக்கச் சொன்னேன். அது வாசிக்காம எனக்க வயித்தப் பாத்துச்சு."

மனைவி அழுகையை நிறுத்தி அம்மாவின் முகத்தைப் பார்த்தாள்.

"மொகம் பாக்க விடேல. பெறவு வீட்டுல யாரு எது சொன்னாலும் பொய்னே தோணும். இவன் பெறக்குறது வரைக்கும் அப்படித்தான் கெடந்தேன், தனியா. உனக்கும் அதையே செய்தேனே நான். எழும்பு, போய்ப் பாப்போம்."

மூவரும் போனோம். மகளைப் பார்த்ததும் மாமனார் தலையைத் தூக்கினார். "ஃபோனுக்கு ஒரு கேடும் இல்ல மக்கா. எனக்காக்கும் கேடு" என்றார். இவள் அழுதுகொண்டே சிரித்தாள். வீட்டுக்குத் திரும்பியதும் அந்த மீன்கறியைச் சூடாக்கச் சொல்லி, இரண்டு முறை சோறு போட்டுத் தின்றுவிட்டுத் தூங்கினாள். தனக்கு யாரும் செய்யாததை அம்மா இவளுக்குச் செய்தாள். அதற்கு எப்படி நன்றி சொல்வதென்று எனக்கு இன்னும் தெரியவில்லை.

ஆப்பரேஷன் நல்லபடியாக முடிந்தது. மாமனார் இப்போது பேரனைத் தோளில் வைத்துக்கொண்டு நடக்கிறார். பேரனும் வாய் ஓயாமல் பேசுகிறான். அவனைத் தடுப்பூசிக்குக் கொண்டுபோன ஒரு நாள், அம்மா என்னைக் காட்டி டாக்டரிடம் நேராகக் கேட்டாள்: "நான் கரஞ்சதாலயா டாக்டரே இவனுக்குப் பேச்சு பிந்திச்சு?"

ஒரு பிள்ளை ஏன் பிந்திப் பேசியது என்று அப்படி ஒரு காரணத்தைக் காட்டிவிட முடியாது என்றார் டாக்டர். ஒரு நாள் அழுகையைக் கண்டு பயப்பட வேண்டியதில்லை, துணையில்லாமல் நீளும் துயரத்தைத்தான் கவனிக்க வேண்டும் என்றார். பிறந்த பிறகு பிள்ளையை அணைப்பதும் அதனோடு பேசுவதும்கூட அந்த மூளையை வளர்ப்பதுதான் என்றும் சொன்னார்.

அம்மா நிமிர்ந்து உட்கார்ந்தாள். "பேச்சுக்கு ஒரு கொறையும் வச்சதில்ல டாக்டரே. ரப்பர் தோட்டத்துல இவன இடுப்புல வச்சுக்கிட்டு நாள் முழுக்க பேசிட்டேதான் இருப்பேன்."

"மாமி இடையில கொஞ்சம் நிறுத்தியிருந்தா இவரு சீக்கிரமே பேசியிருப்பாரு" என்றாள் என் மனைவி.

முதலில் சிரித்தது அம்மாதான். சிரித்துச் சிரித்து, சேலைத் தலைப்பால் கண்ணைத் துடைத்தாள்.