காற்றைக் கேட்ட வியாழக்கிழமை

சகோதரங்களே, எனக்குக் கஷ்டம் கடலால் வந்தது. ஆனால் எங்கள் திருகோணமலைக் கடலால் அல்ல. உலகத்தின் வட உச்சியில், கடல் உறைந்து கிடக்கிற இடத்தில், என் கணவர் வேலை செய்த கப்பல் ஐஸுக்குள் இறுகிப்போனது. எழுபதுகளின் நடுவில், ஓர் ஆவணி மாதம். கொழும்பிலிருந்து துறைமுகக் கந்தோருக்குப் போன் வந்து, அந்த அலுவலகப் பியோன் சைக்கிளில் வந்து செய்தி சொன்னான். அழுவதா, அவனிடம் கேள்வி கேட்பதா என்று தெரியவில்லை. இரண்டையும் செய்தேன்.

என் கணவர் சமையல்காரர். வெள்ளைக்கார நேவி இங்கே இருந்த காலத்தில் அவர்களுடைய குசினியில் தொழில் பழகி, பிறகு கப்பல் கப்பலாகப் போனவர். அந்த வருடம் அவருக்குக் கிடைத்தது சாமான் ஏற்றுகிற கப்பல் அல்ல. பணக்காரரை வடதுருவப் பக்கம் கூட்டிப்போய் ஊர் சுற்றிக் காட்டுகிற சின்னக் கப்பல்.

“ஐஸப் பாக்கவா காசு குடுக்கினம்?” என்று கேட்டேன்.

“ஓமப்பா. வெள்ளைக் கரடியும் பாப்பினம்.”

வழிகாட்டி ஒருவர் தோளில் துவக்கோடு ஐஸின்மேல் முன்னுக்கு நடப்பாராம். சிவப்புச் சட்டை போட்டுக்கொண்டு மற்றவர்கள் பின்னால் போவார்களாம். துவக்கு எதற்கு? கரடி வந்தால் சுட. அப்படியானால் ஏன் போகிறார்கள்? கரடியைப் பார்க்க. இந்தக் கதையை நான் அவரைத் திரும்பத் திரும்பச் சொல்லச் சொல்லிக் கேட்டிருக்கிறேன். இன்றுவரை விளங்கவில்லை. எனக்கு எதையும் கேட்காமல் விடுகிற குணம் கிடையாது.

ஓர்ஸ் ஹில்லுக்குக் கீழே எங்கள் சபை சின்னது. பாதிக்கு மேல் மீன்பிடிக்கிற குடும்பங்கள். செய்தி கேட்டு எல்லோரும் கூடினார்கள். எங்களுக்குக் கடலில் தெரிந்த ஆபத்து ஒன்றுதான், காற்று. அதனால், “ஆண்டவரே, காற்றை அடக்கும், கடலை அமர்த்தும்” என்று அழுது ஜெபித்தோம். பக்கத்து வீட்டு ஞானம்மா அக்காவின் புருஷனும் இரண்டு மகன்மாரும் தினமும் கடலுக்குப் போகிறவர்கள். என் கணவருக்காக முழங்காலில் இருந்தவ எழும்பவே இல்லை.

சில நாளில் திரும்பவும் போன் வந்தது. அங்கே கடல் அமைதியாம், ஒரு சொட்டுக் காற்றும் இல்லையாம். ஸ்தோத்திரம் என்று சொல்லி முடிக்கும் முன்னே பியோன் மிச்சத்தையும் சொன்னான். கரையோடு ஒதுங்கிய ஐஸ் அசையவில்லை, கப்பலின் விலாவை நெருக்குகிறது. பார்க்க வந்தவர்களை ஹெலிகொப்டரில் ஏற்றப் போகிறார்கள். வேலைக்காரர் கப்பலோடு நிற்க வேண்டும். குளிர்காலம் தொடங்கிவிட்டால் கப்பல் நொறுங்கும்.

கேட்டது கிடைத்துவிட்டது, ஆனால் மனிசன் வரவில்லை! அமைதியான கடலில் கப்பல் ஏன் வெளியே வராது? போதகரைக் கேட்டேன்.

“விசுவாசியுங்கோ மகள்” என்றார்.

விசுவாசித்தேன். ஆனாலும் என் கண்ணால் பார்க்க வேண்டும் போலிருந்தது.

நான் ஐஸைக் கண்டது மீன் வாடியில் மட்டும்தான். கொழும்பு லொறிக்கு மீன் அடுக்குகிற வாடி அது, கிண்ணியாவைச் சேர்ந்த முஸ்லிம் அண்ணர் ஒருவர் நடத்தினார், காக்கா என்றுதான் கூப்பிடுவோம். அங்கே போனேன்.

“என்ன தங்கச்சி, மீன் வாங்கவா?”

“இல்ல காக்கா. ஐஸப் பாக்க வந்தனான்.”

விசயத்தைச் சொன்னேன். வழி விட்டார். சீமெந்துத் தொட்டியில் தண்ணீரும் உடைத்த ஐஸும் கிடந்தன. கையை உள்ளே வைத்தேன். கொஞ்ச நேரத்தில் விரல்கள் என்னுடையவை இல்லை என்று ஆகிவிட்டது. இதற்கு நடுவிலா அவர் நிற்கிறார் என்று அங்கேயே நின்று அழுதேன்.

பிறகு ஒரு தேங்காய்ச் சிரட்டையைத் தேடி எடுத்து மிதக்கவிட்டேன். தொட்டியின் ஒரு சுவரோடு ஐஸ் துண்டுகள் நெருங்கிக் கிடந்தன. சிரட்டை அவற்றுக்கு நடுவில் சிக்கிக்கொண்டது. தண்ணீர் அசையாமல் இருந்தது, சிரட்டையும் அசையவில்லை. பெட்டி மட்டை ஒன்றை எடுத்துச் சுவர்ப் பக்கமிருந்து விசிறினேன். துண்டுகள் மெல்ல மெல்ல விலகி அந்தப் பக்கம் போயின. சிரட்டை வெறும் தண்ணீரில் நின்று தானாகத் திரும்பியது.

“காக்கா, காத்து வேணும்! கரையிலயிருந்து காத்து வேணும்!”

“நல்லம் தங்கச்சி, அல்லாஹ் தருவான். இப்ப அந்த ஐஸ விடுங்க, மீன் பழுதாப் போயிரும்.”

புதன்கிழமை ஜெபக் கூட்டத்தில் எழும்பி, நாங்கள் பிழையாகக் கேட்கிறோம், காற்றைக் கேட்க வேண்டும் என்றேன். எங்கள் கரையில் காற்றுக் கேட்டு ஜெபித்தவர் கிடையாது. ஞானம்மா அக்காதான் முதலில் கதைத்தா.

“உனக்கென்ன விசரா? எங்கட மூண்டு பேரும் கடல்லயல்லோ. நீ கேக்கிற காத்து இஞ்ச வந்தா?”

“அங்க மட்டும் வரட்டும் எண்டு கேப்பம் அக்கா.”

“ஆண்டவருக்கு விலாசம் எழுதிக் குடுக்கப் போறியோ?”

எனக்குக் கோபம்தான் வந்தது. ஆனால் வீட்டுக்கு வந்து முழங்காலில் இருந்தபோது அந்தக் கோபமும் போய்விட்டது. அக்கா சொன்னது சரி. என் மனிசனைக் காப்பாற்றச் சொல்லிக் கேட்டு அவவின் பிள்ளைகளைக் கடலில் தாழ்ப்பதா? காற்று என்ற சொல்லை என்னால் வாய்விட்டுச் சொல்ல முடியவில்லை. ஜெபிக்காமலே எழும்பினேன்.

வியாழக்கிழமை காலையில் வெளியே வந்து பார்த்தேன். கரை முழுக்க வள்ளங்கள். ஆவணி என்றால் எங்கள் பக்கம் கடல் அமர்ந்து மீன் படுகிற காலம், அந்த நேரத்தில் கரையில் ஒரு வள்ளமும் நிற்காது. அன்று எல்லாவற்றையும் மேட்டுக்கு இழுத்து ஏற்றியிருந்தார்கள். பக்கத்தில் நின்ற சைவ சமயக்காரரின் வள்ளங்களும் ஏறியிருந்தன. ஞானம்மா அக்கா என்னைக் கண்டு வந்தா.

“இண்டைக்கு ஒருத்தரும் கடலுக்குப் போகேல்ல. எங்கட ஆக்கள் எல்லாரும் கரையில. இப்ப கேள். நல்லாக் கேள்.”

நான் அவவைக் கட்டிப்பிடித்து அழுதேன். மணலிலேயே எல்லோரும் முழங்காலில் நின்றோம். பிறந்ததிலிருந்து காற்றுக்குப் பயந்த மனிதர்கள், “ஆண்டவரே, காற்றைத் தாரும்” என்றார்கள்.

இங்கே ஒரு காற்றும் வரவில்லை! கடல் குளம்போலக் கிடந்தது. போதாக்குறைக்குச் சூடை மீன் கூட்டம் கூட்டமாகக் கரைக்குக் கிட்டத் துள்ளியது. கையைக் கட்டிக்கொண்டு அதைப் பார்த்தவர்களின் முகத்தை நான் மறக்கமாட்டேன். அக்காவின் புருஷன் சவரிமுத்து அண்ணை, “பிள்ள, நீ கேட்ட காத்து எங்க? ஒரு ஓலையும் ஆடேல்லயே” என்றார். அழுகைக்கு நடுவில் எனக்குச் சிரிப்பு வந்தது.

சனிக்கிழமை பியோன் சைக்கிளைக் கீழே போட்டுவிட்டு ஓடி வந்தான். அங்கே கரைப் பக்கத்திலிருந்து காற்று எழும்பி, ஐஸ் பிரிந்து, கப்பல் வெளியே வந்துவிட்டதாம். எந்தக் காற்று, எப்போது வந்தது என்று நான் அவனைக் கேட்டுக்கொண்டே நின்றேன். அக்கா எனக்காக ஸ்தோத்திரம் சொன்னா.

மாரி தொடங்க முன்னே அவர் மெலிந்து வந்து சேர்ந்தார். இருத்திவைத்து எல்லாவற்றையும் கேட்டேன்.

“நானும் காத்த அடக்கும் எண்டுதானப்பா கேட்டனான்” என்றார். “குசினியில சத்தமா ஜெபிச்சன். அந்த வழிகாட்டி வந்து என்ன ஜெபிக்கிறாய் எண்டு கேட்டான். சொன்னன். தலையில கைய வைச்சிட்டு, ‘தயவு செய்து நிப்பாட்டு, காத்துத்தான் எங்களைக் காப்பாத்தும்’ எண்டான்.”

கரையில் வள்ளங்களை ஏற்றிய கதையைச் சொன்னபோது அவர் சிரிக்கவில்லை. எழும்பி நேரே கரைக்குப் போனார். ஒவ்வொரு வள்ளத்திலும் கையை வைத்துக்கொண்டு நடந்தார். அதன்பின் வடதுருவப் பக்கம் போகிற கப்பல் எதிலும் ஏறவில்லை.

சகோதரங்களே, முன்பெல்லாம் நான் கஷ்டத்தையும் சொல்லி, அதைத் தீர்க்கிற வழியையும் ஆண்டவருக்குச் சொல்லிக் கொடுப்பேன். இப்போது கஷ்டத்தை மட்டும் சொல்கிறேன். வழி அவருக்குத் தெரியும். உங்களுக்கும் ஒரு பாரம் இருந்தால், அதை வாய்விட்டுக் கேட்கப் பயமாக இருந்தால், தனியே வைத்துக்கொண்டு இருக்காதீர்கள். எங்களிடம் வந்து சொல்லுங்கள். அது காற்றாக இருந்தாலும் பரவாயில்லை. வள்ளங்களைக் கரையேற்றிவிட்டு உங்களோடு சேர்ந்து கேட்போம்.