ஆர், ஆன், ஏன்

அருங்காட்சியகத்தில் அவளுக்கு டேப்பக்கா என்று பெயர். போரை நடத்திய தலைவர் வாழ்ந்த வீட்டைச் சுற்றிக் காட்டும் வேலை. எந்த அறையில் நிறுத்தினாலும், டேப் ரெக்கார்டர் மாதிரி விட்ட இடத்திலிருந்து ஒரு சொல் பிசகாமல் ஒப்பிப்பாள். தலைவர் இங்கே தூங்கினார், இந்த மேசையில் குனிந்துதான் பாலத்தைத் தகர்க்க உத்தரவிட்டார்.

எதிரிப் படை நெருங்கியபோது தகர்த்த ஆற்றுப்பாலம் அது. ஊர் பிழைத்தது. அக்கரையில் மாட்டிக்கொண்டவர்கள் பிழைக்கவில்லை. அவர்களில் ஒருவர் அவளுடைய அப்பா. அவள் அப்போது கைக்குழந்தை.

அதனால் அம்மாவின் வாயில் தலைவர் என்றைக்கும் 'அவன்'தான். "அவன் படத்துக்குத் தூசி தட்டக் கிளம்பிட்டியா?" என்றுதான் காலையில் வழியனுப்புவாள். குடும்பத்தில் முதன்முதலாகப் பட்டம் வாங்கியவள் மகள். பட்டத்தோடு 'அவர்' என்று சொல்வதும் கல்லூரியில் படிந்துவிட்டது. வாசலில் செருப்பை மாட்டும்போது அவள் பேச்சின் வாலில் 'ஆன்' 'ஆர்' ஆகிவிடும். சாயங்காலம் செருப்போடு அதையும் கழற்றிவிடுவாள். இரண்டில் எது நடிப்பு என்று அவளுக்கே நிச்சயமில்லை.

ஆட்சி மாறியதும், தலைவர் செய்தது சரியா தப்பா என்று ஆராயக் குழு போட்டார்கள். முடிவு வரும்வரை 'பாலம் தகர்க்கப்பட்டது' என்று மட்டும் சொல்ல வேண்டும். யார் தகர்த்தது என்ற பேச்சே கூடாது. மீறினால் வேலை போய்விடும் என்று மேலாளர் சிரித்துக்கொண்டே சொன்னார். அந்தச் சிரிப்பு அவளுக்குப் பிடிக்கவில்லை.

அதற்குப் பிறகுதான் குடைக்காரர் வரத் தொடங்கினார். மழையும் இல்லாத வெயிலும் இல்லாத நாளிலும் கையில் குடை இருக்கும். கும்பலுக்குக் கடைசியில் நிற்பார். எல்லோரும் சுவரில் மாட்டிய பாலத்தின் படத்தைப் பார்க்க, அவர் மட்டும் அவள் வாயைப் பார்ப்பார்.

"மேலிடத்து ஆளுதான் டேப்பக்கா. இந்த வீட்ட ரெண்டாந்தடவை பாக்க எவன் வருவான்?" என்றார் டிக்கெட்டுக்காரர். அவர் குரலைத் தாழ்த்திய விதத்தில், டிக்கெட்டுக்காரரே மேலிடத்து ஆளோ என்று அவளுக்குச் சந்தேகம் வந்தது.

ஒருநாள் பாலத்துப் படத்தின் முன்னால் குடைக்காரரின் முகத்தையே பார்த்துப் பேசியதில் நாக்கு புரண்டது. "பாலத்தைத் தகர்த்தான்" என்றாள். அச்சு அசல் அம்மாவின் குரல். சிலர் நெளிந்தார்கள். ஒருவர் கைதட்டப் போய், சுற்றுமுற்றும் பார்த்து நிறுத்திக்கொண்டார்.

கும்பல் கலைந்ததும் குடைக்காரரை வழிமறித்தாள். வேலை போவதென்றால் கேட்டுவிட்டே போகட்டும்.

"உங்கள யாரு அனுப்பினது?"

அவர் குடையை நெஞ்சோடு அணைத்துக்கொண்டார். "நீங்கதான் எங்கள நோட்டம் விடுறீங்கன்னு நான் பயந்துக்கிட்டிருக்கேன். யாரு எதுக்குத் தலையாட்டுறாங்கன்னு மேல போட்டுக்குடுப்பீங்களாமே."

அவளுக்குச் சிரிப்பு வந்தது. அடக்கிக்கொண்டாள். பிறகு எதற்குத் திரும்பத் திரும்ப வருகிறார் என்று கேட்டாள்.

"தகர்க்கப்பட்டதுன்னே சொல்றீங்களேம்மா, என்னமோ தானா விழுந்த மாதிரி. வெடி வச்சு விசைய அமுக்கினது எங்கப்பா. யாரு சொல்லி அமுக்கினாருன்னு சாகுறவரைக்கும் அவர் வாயில வரல. 'தகர்த்தேன்'னுதான் சொல்வாரு. தூக்கத்துல பேசினாலும் அதேதான்."

தன் அப்பா அக்கரையில் நின்றதை அவள் சொல்லவில்லை. "இத நான் எப்படி நம்புறது?"

"நம்பாதீங்க. நானும் உங்கள இன்னும் நம்பல."

அடுத்த கும்பலை அழைத்துப் போனபோது, டிக்கெட்டுக்காரர் நாற்காலியைக் கதவோரம் இழுத்துப் போட்டிருந்தார். நாக்குப் புரண்ட சேதி அவர் காதுக்குப் போயிருந்தது. குடைக்காரரும் இன்னொரு டிக்கெட் வாங்கிக் கடைசியில் நின்றார். பாலத்துப் படத்தின் முன் அவள் தொண்டையைச் செருமினாள்.

"தகர்த்தார்னு சொல்றவங்க ஊர் முழுக்க இருக்காங்க. தகர்த்தான்னு சொல்றவங்க எங்க வீட்லயே இருக்காங்க. தகர்த்தேன்னு சொன்னவர் ஒருத்தர் இருந்தாராம்."

டிக்கெட்டுக்காரர் கழுத்தை நீட்டினார். இவள் எந்தப் பக்கம் என்று போட்டுக்கொடுப்பது என்று அவருக்குப் பிடிபடவில்லை. குடைக்காரர் முதன்முறையாக அவள் வாயை விட்டுவிட்டுப் படத்தைப் பார்த்தார்.

சாயங்காலம் மேலாளர் கூப்பிட்டனுப்பினார். இந்தத் தடவை அவர் சிரிக்கவில்லை. அதுவே அவளுக்குக் கொஞ்சம் நிம்மதியாக இருந்தது.